படித்துறைத் தெரு விளக்குப் பலகை

9.10.1995

ராதாபுரத்திலிருந்து திரும்ப மாலையாகிவிட்டது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றி இன்றே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

தெருவுக்குள் நுழையும்போது பஞ்சு வீட்டு வாசலில் நின்றுவிட்டேன். முன்கூடத்தைத் தெருவிலிருந்து மறைக்கும் அழிக்கம்பிகளுக்கு இடையே நான் நிருபராக இருக்கும் பேப்பர் செருகியபடி இருந்தது. அதன் மேல் இன்னொன்று. நேற்றையதும் இன்றையதும். பஞ்சு கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர்காரனின் சைக்கிள் மணி கேட்கும் முன்பே அழிக்குள் நின்று கையை நீட்டுகிறவர். கூப்பிட்டேன். பிறகு சத்தமாகக் கூப்பிட்டேன்.

கதவை உடைத்தது நானும், என் மாடிக்குக் கீழே ரேடியோக்கடை வைத்திருக்கும் சேக் முகம்மதுவும், வழியில் போன இருவரும். பஞ்சு கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அக்கா கோமு வாசலில் நின்று அழவில்லை. "டேய் சுந்தா, நேத்திக்கு நான் ரெண்டு தரம் இந்த வாசலைத் தாண்டிப் போனேன்டா. ஊருக்குப் போயிருப்பார்னு நெனச்சுண்டேன்" என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள்.

ராதாபுரத்துக்குப் பதிலாக மூன்று வரிச் செய்தி அனுப்பினேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் இறந்து கிடந்தார்.

11.10.1995

பஞ்சுவின் மகன் டெல்லியிலிருந்து வந்தான். "யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான்.

24.10.1995

தீபாவளிக்கு வந்திருந்த முகுந்தன் இன்று கிளம்பினான். கோமுவின் ஒரே பிள்ளை. பம்பாயில் நல்ல வேலை. மனைவிக்கும் வேலை. பட்சணத் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அம்மா, பஞ்சு சாருக்கு ஆனது நோக்கும் ஆகாதுன்னு என்ன நிச்சயம்? வீட்டைப் பூட்டிண்டு என்னோட வந்துடு."

"மாமா இருக்கானே."

"மாமா பாதி நாள் பஸ்ஸுல இருக்கார்."

உண்மைதான். நியூஸ் என்று சொல்லி நான் மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறேன். அக்காவோடு ஒரே வீட்டில் இருந்திருக்கலாம். அது அவள் புருஷன் வீடு, நான் கல்யாணமே செய்துகொள்ளாத தம்பி. இருவருக்கும் தனித்தனிக் கூரைதான் சௌகரியம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம்.

கோமு ஒரே ஒரு காரணம்தான் சொன்னாள். விடிகாலையில் தாமிரபரணியில் முங்கிக் குளிக்காத நாள் அவளுக்கு நாளில்லை. "அங்க குழாயடியில நின்னு வாழணுமா?" என்றாள். முகுந்தன் சிரிக்கவில்லை. தை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறான். அதற்குள் ஏதாவது ஒரு ஏற்பாடு இல்லையென்றால் கூட்டிப்போய்விடுவான். செய்வான். அவன் அப்பாவின் பிடிவாதம்.

ஏற்பாடு என்றால் என்ன? ஆளுக்கு ஆள் காவலா?

6.11.1995

பிரம்மநாயகி அக்கா இன்று சேக்கின் கடைக்கு வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். கலெக்டராக இருந்தாலும் "லைன்ல காத்திருங்க" என்று சொல்லிப் பழகிய குரல். தெருவில் எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு.

சேக் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏ சேக்கு, எக்ஸ்சேஞ்சு போர்டுல ஒரு பல்பு எரிஞ்சா என்ன அர்த்தம்? அந்தப் பக்கம் ஒரு மனுசன் இருக்கான்னு அர்த்தம். முப்பது வருசம் அதைப் பாத்துத்தான் சோறு தின்னேன். இந்தத் தெருவுக்கு அப்படி ஒரு போர்டு வச்சா என்ன?"

விஷயம் இதுதான். தனியாக இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்விட்ச். ஒயர் எல்லாம் சேக்கின் கடைச் சுவருக்கு வரும். அங்கே ஒரு பலகை, வீட்டுக்கு ஒரு பல்பு. படுக்கப் போகும்போது அணைக்க வேண்டும், எழுந்ததும் போட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பலகையைப் பார்ப்பது. எரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது. அவ்வளவுதான்.

சேக் ரேடியோவை மறந்துவிட்டார். "அக்கா, சீரியல் பல்பு இருக்கு. கரண்டு போனா மைக்செட் பேட்டரி இருக்கு. தர்கா கந்தூரிக்கு வாங்குன ஒயரு சுருள் சுருளா கெடக்கு. ஆணி மட்டும் வாங்கணும்."

"ஆணி ரிப்போர்ட்டர் வாங்கித் தருவாரு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

வாங்கித் தந்தேன்.

3.12.1995

ஒயர் இழுக்கும் வேலை. தெருவே வேடிக்கை பார்த்தது. ஸ்விட்சை எங்கே வைப்பது என்பதில் சண்டை. பிரம்மநாயகி, அடுக்களையில் வைக்கச் சொன்னார். காலையில் எழுந்தவர் எப்படியும் அடுப்பைத் தேடிப் போவார் என்பது அவர் கணக்கு. சேக்குக்குச் சுவர் துளைக்கப் பிடிக்கவில்லை. பழைய வீடுகள், காரை உதிர்கிறது. கோமுவுக்கு வேறு காரணம்.

"விடிகாலையில குடமும் துணியுமா வாசலுக்கு வந்தப்பறம் ஞாபகம் வந்தா, திரும்பி அடுக்களைக்கு ஓடவா? வாசல்லயே வைடா, சேக்கு. அழிக்கு உள்பக்கம். போற போக்குல போட்டுட்டுப் போறேன்."

"மாமி, வாசல்ல வச்சா போறவன் வாரவன்லாம் கைய விட்டுப் போடுவான்."

"போட்டாத்தான் என்ன, பல்பு தேஞ்சா போயிடும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிரம்மநாயகியும். ஸ்விட்ச் எல்லா வீட்டிலும் அழிக்கு உள்பக்கச் சுவரில் வந்துவிட்டது.

17.12.1995

மார்கழி முதல் நாளில் பலகை தொடங்கியது. ஏழு மணிக்குக் கடை வாசலில் நல்ல கூட்டம். பிரம்மநாயகி பழைய பழக்கத்தில் காதுக்கு மேல் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள் பல்புகள். கோமுவுக்குப் பச்சை. ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிறைந்தது. பஞ்சு வீட்டுக்கும் ஒயர் இழுத்திருந்தார் சேக். யாரும் சொல்லாமலே இழுத்திருக்கிறார். அந்தப் பல்பு மட்டும் எரியவில்லை.

22.12.1995

ஞானம்பாள் வீட்டில் இன்று ரகளை. தையல் டீச்சராக இருந்தவர், கோமுவின் சிநேகிதி, அவளுக்கு இரண்டு வீடு தள்ளி. இளைப்பு நோய்க்காரர். இரவெல்லாம் தலையணையை நிறுத்தி வைத்து உட்கார்ந்திருப்பார்; விடியும்போதுதான் கண் அசருவார். ஏழு மணிக்கு அவர் பல்பு எரியவில்லை. நான்கு பேர் போய்க் கதவை இடித்தார்கள். முடியைச் சுருட்டிக்கொண்டே வந்து திறந்தார்.

"இப்பத்தான் கண்ணு சொருகுச்சு. செத்துப்போனா நானே வந்து சொல்லுதேன், போங்க எல்லாரும்!"

எழுதும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது.

4.1.1996

ஞானம்பாள் பல்பு இந்த வாரமெல்லாம் ஏழு மணிக்கு முன்பே எரிகிறது. பிரம்மநாயகிக்குப் பெருமை. "போர்டு வச்சதும் ஊரே ஒழுங்கா எந்திரிக்கு" என்கிறார்.

8.2.1996

முத்துமாலை பிழைத்துவிட்டார்.

பஸ் கண்டக்டராக இருந்தவர், பெண்டாட்டி போனபின் தனியாள். ஏழு மணிக்கு அவர் வீட்டு மஞ்சள் பல்பு எரியவில்லை. சேக் ஓடினார். சர்க்கரை இறங்கி அடுக்களையில் விழுந்து கிடந்தவரை ஆட்டோவில் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

மாலையில் போய்ப் பார்த்தேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, முப்பது வருசம் நான் விசில் ஊதி வண்டிய நிப்பாட்டுனேன். இன்னைக்கு ஒரு பல்பு என் வண்டிய நிப்பாட்டிட்டு" என்றார். சிரிக்கப் பார்த்தார்; கண் நிறைந்துவிட்டது.

டெலிபோன் பூத்துக்குப் போய் முகுந்தனுக்குச் சொன்னேன். "சரி மாமா, இருக்கட்டும். அம்மா அங்கேயே இருக்கட்டும்" என்றான்.

கோமுவிடம் சொன்னபோது அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "அப்படியா" என்றாள். அரிசியையும் சேர்த்துக் களைந்தாள்.

14.4.1996

பலகையைப் பற்றி நான் எழுதியது ஞாயிறு பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தியாக வந்திருக்கிறது. சேக்கின் பெயர் இல்லை. ஆசிரியர் குழுவில் வெட்டிவிட்டார்கள். சேக் அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

ஏழு மணிக் கூட்டம் இப்போது எட்டு வரை கலைவதில்லை. தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டுக்கு விருந்தாளி, எந்தக் கடையில் மண்ணெண்ணெய் என்று எல்லாம் அங்கேதான். முன்பு ஒரே தெருவில் இருந்துகொண்டு ஆளுக்கு ஆள் தலையாட்டிவிட்டுப் போனவர்கள். பஞ்சுவின் வாசலைத் தாண்டிப் போனவர்கள். நானும்தான்.

18.7.1996

ஞானம்பாள் போய்விட்டார்.

எப்படி எழுதுவது? நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பலகையில் ஞானம்பாள் பல்பு எரிந்தது. நான் பார்த்தேன். பிரம்மநாயகி பார்த்தார். அன்று கோமுவின் புருஷனுக்குத் தெவசம். அவள் தீட்டுப்படாமல் மடியாக இருந்தாள். யார் வீட்டுக்கும் போகவில்லை. இரவு பல்பு அணையவில்லை. "ஞானம் அணைக்க மறந்துட்டா, பாரேன்" என்றார் பிரம்மநாயகி. எல்லோரும் அவ்வப்போது மறப்பதுதான். புதன்கிழமை காலையிலும் எரிந்தது. புதன் மத்தியானம் கோமு ஒரு கிண்ணத்தில் தொக்கு எடுத்துக்கொண்டு அங்கே போனாள். அழியில் பால் பை தொங்கியது. உள்ளே இரண்டு பாக்கெட். ஒன்று திரிந்து ஊதியிருந்தது.

படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, தலையணை மேல் கவிழ்ந்து. கையில் மருந்துக் குப்பி.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றரை நாளும் எரிந்துகொண்டே இருந்தது. எப்படி?

19.7.1996

இன்று காலை சேக் பலகையைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. எங்கேயோ ஒயர் உரசி, ஒரு வீட்டு கரண்டு இன்னொரு வீட்டுப் பல்புக்குப் பாய்ந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். "என் கைவேலைதான் அண்ணாச்சி அந்த டீச்சரம்மாவக் கொன்னுட்டு" என்றார். யார் சொன்னாலும் கேட்கவில்லை. கூட்டம் சுற்றி நின்றது.

கோமு வந்தாள். குளிக்கப் போகாத தலை. புடவை நேற்றையது.

"சேக்கு, பிரிக்காதே. ஒயர்ல ஒண்ணுமில்லை. நான்தான் போட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தினமும் நான்தான் போடுவேன். படித்துறைக்குப் போறச்சே, அழிக்குள்ள கைய விட்டு. ராத்திரியெல்லாம் இழுத்துண்டு உக்காந்திருப்பா. விடியறச்சே கொஞ்சம் தூங்கட்டும், ஏழு மணிக்கு இவா போய் இடிக்க வேண்டாமேன்னு... திரும்பி வந்தப்பறம் பத்து மணிக்கு எட்டிப் பார்ப்பேன். செவ்வாக்கிழமை பார்க்கலை. மடி. பார்க்கலை."

கையை நீட்டிக் காட்டினாள். வலது கை. "இந்தக் கை" என்றாள்.

புதன்கிழமை காலை ஸ்விட்ச் ஏற்கனவே போட்டிருந்ததைப் பார்த்து, இன்று ஞானம் சீக்கிரம் எழுந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறாள். முந்தின நாள் தானே போட்டது என்பது தோன்றவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

21.7.1996

முதலில் சொன்னவர் முத்துமாலை. "நான் எதிர் வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கேன். அவரு மழையில நனைஞ்சு வந்த அன்னைக்கு." பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். மகளோடு ஊர்ப் பேச்சுப் பேசிவிட்டுத் தாமதமாகப் படுத்தவளுக்காக. காய்ச்சல்காரருக்காக. கோயிலுக்குப் போனவள் போட மறந்திருப்பாளே என்று. கடைசியில் பிரம்மநாயகி: "என் பல்பையே நாலஞ்சு நாளு யாரோ போட்டிருக்காவ. யாருன்னு நான் கேக்கல. நல்லா தூங்குனேன்."

ஏழு மணிக்கு எரிந்த விளக்குகளில் எத்தனை விளக்கு அந்த வீட்டுக்காரர் போட்டது என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டோம். அதையேதான் பஞ்சுவுக்கும் செய்தோம்.

ஆபீசில் இதை எழுதச் சொன்னார்கள். தலைப்பு கூடத் தயாராக இருந்தது: விளக்கு எரிந்தது, உயிர் இல்லை. இந்த மாவட்டத்தில் என் பெயரில் வராத செய்தி குறைவு. இது வராது என்றேன். வேறு ஆளை அனுப்புவோம் என்றார்கள். அனுப்பவில்லை. நல்லவேளை, அதற்குள் அவர்களுக்கு வேறு செய்தி கிடைத்துவிட்டது.

2.8.1996

டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். செவ்வாய் விடிகாலையில் ஞானம்பாளுக்கு உயிர் இருந்திருக்குமா? "சொல்ல முடியாது சார்" என்றார். கோமு கேட்டால் இல்லை, முந்தின இரவே போய்விட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் நின்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்ல முடியாதுன்னுட்டாரா?"

பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

25.8.1996

கோமு ஆற்றுக்குப் போவதில்லை. கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொள்கிறாள். ஞானம்பாள் வாசலைத் தாண்டாமல் படித்துறைக்கு வழி இல்லை.

8.9.1996

முகுந்தனுக்கு அவளே போன் செய்திருக்கிறாள். வந்து கூட்டிக்கொண்டு போ என்று.

போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். இந்த வயது வரை நான் அவளிடம் கெஞ்சியதில்லை. இன்று கெஞ்சினேன். தெருவில் யாரும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்றேன்.

"அதான்டா" என்றாள். "யாராவது திட்டியிருந்தா இருந்துடுவேன்."

22.9.1996

நெல்லை எக்ஸ்பிரஸ். சேக், பிரம்மநாயகி, முத்துமாலை எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள். முத்துமாலை பழைய பழக்கத்தில் பெட்டிகளை எண்ணி ஏற்றினார். கோமு ஒரு சொம்பு ஆற்றுத் தண்ணீரை, வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்திருந்தாள். யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்கவில்லை. பிரம்மநாயகியின் புடவைக் கீழ்க்கரை நனைந்திருந்தது.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, "சுந்தா, பலகையை எடுத்துடாதீங்கோ" என்றாள்.

தெருவுக்குத் திரும்பியபோது அவள் வீட்டுப் பூட்டு புதிதாக மின்னியது.

27.10.1996

பிரம்மநாயகி ஒரு மாதமாகக் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தார். இன்று கடைக்கு வந்தார்.

"தப்பு ஸ்விட்சுல இல்ல, சேக்கு. பல்பு யாரு போட்டாலும் எரியும். ஒருத்தர் குரல இன்னொருத்தர் குடுக்க முடியாது."

மூடிப்போன மில் ஆபீஸ் ஒன்றின் பழைய இன்டர்காம் கருவிகள் ஏலக் கடையில் கிடந்தன. வீட்டுக்கு ஒன்று, என் மாடிக்கும் சேர்த்து, அடுக்களையில். சுவர் துளைத்தாக வேண்டும். சேக் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குள் கருவியை எடுத்தால் பலகையில் பல்பு எரியும். அக்கா யாரென்று கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை: இருக்கேன். வார்த்தை வராவிட்டால் ஆள் போகும். தூங்குகிறவரை எழுப்பினால் எழுப்பியதுதான். தூக்கத்துக்காக யாரும் மனம் இளகக் கூடாது என்று உத்தரவு.

10.11.1996

முதல் நாள். இருக்கேன், இருக்கேன் என்று வரிசையாகக் குரல்கள். கரகரவென்று, தூக்கக் கலக்கத்தில், எரிச்சலோடு. முத்துமாலை "இருக்கேன், போலாம் ரைட்" என்றார். கோமுவின் பச்சை பல்பை யாரும் கழற்றவில்லை.

பூத்திலிருந்து கோமுவுக்கு இதைச் சொன்னேன். "என்ன சொல்லணும்னே? இருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டாள். தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

12.1.1997

ஞாயிற்றுக்கிழமைப் போன். அவள் குரல் சின்னதாகிவிட்டது. "கதவைத் திறந்தா எதிர்க் கதவு, சுந்தா. அது திறக்கறதே இல்லை. உள்ள ஒரு மராட்டிக்கார மாமி இருக்கா. செருப்பு மட்டும் தெரியறது. இவா ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா, ஒரு மனுஷா மூஞ்சி கிடையாது."

சொம்புத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம்.

9.3.1997

முகுந்தன் புகார் சொன்னான். "மாமா, அம்மாகிட்ட நீங்களாவது சொல்லுங்கோ. நாங்க ஆபீஸ் கிளம்பினதும் தினமும் எதிர் ஃபிளாட் பெல்லை அடிக்கறா. அவா கதவைத் திறந்தா மூஞ்சியைப் பார்த்துட்டுத் திரும்பிடறாளாம். என்ன நினைப்பா அவா? இப்ப எங்க வீட்டு டூப்ளிகேட் சாவியையும் அவாகிட்ட குடுத்து வச்சிருக்கா. பம்பாயில யாராவது சாவி குடுப்பாளா?"

நான் சொல்கிறேன் என்றேன். கோமு போனில் வந்ததும் சொல்லவில்லை. மழை உண்டா, முட்டி வலி எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

15.6.1997

கொற்கைக்குப் போய்விட்டு வந்தேன். ஊருக்குள் கடல் இருந்த காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை. எழுத மனம் ஓடவில்லை.

21.8.1997

கோமு.

காலை பத்தரைக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. முகுந்தன் பேச முடியாமல் பேசினான். நான் போய்ச் சேர இரண்டு நாளாகும். வர வேண்டாம் மாமா, நான் எடுத்துண்டு வரேன் என்றான்.

எதை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1.9.1997

முகுந்தன் அஸ்தியோடு வந்தான். படித்துறையில் கரைத்தோம். அவள் வழக்கமாக இறங்கும் படி. ஆற்றில் நல்ல தண்ணீர். ஞானம்பாள் வாசல் வழியாகத்தான் கொண்டுபோனோம்.

கரையில் உட்கார்ந்து அவன் சொன்னான். அன்று அவன் பூனாவில் டூர். மனைவி எட்டரைக்கே கிளம்பிவிட்டாள். ஒன்பது மணிக்கு எதிர் ஃபிளாட்டில் பெல் அடிக்கவில்லை. அந்த மராட்டிக்கார அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வந்து திறந்திருக்கிறாள். கோமு அடுக்களை வாசலில் விழுந்து கிடந்தாளாம். மூச்சு இருந்திருக்கிறது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டது. அதுவரை தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த அம்மாள்தான்.

"அவ போய்ப் பார்க்கலைன்னா, சாயங்காலம் வரைக்கும் அம்மா அப்படியே தனியா..." என்றான்.

பிறகு சொன்னான்: "அம்மா தினமும் கதவு திறந்ததும் 'இருக்கேன்'னு சொல்லுவாளாம் மாமா. அந்தம்மா அது வணக்கம் மாதிரி ஏதோன்னு நெனச்சுண்டு பதிலுக்கு 'இருக்கேன்'னு சொல்லியிருக்கா. எங்கிட்ட அர்த்தம் கேட்டா. சொன்னேன். உக்காந்து அழுதா."

ஆறு போய்க்கொண்டிருந்தது. சாவி விஷயமாக அன்று அவன் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவனுக்கு ஞாபகம் இருந்தது.

2.9.1997

முகுந்தன் காலை வண்டிக்குப் போய்விட்டான். வீட்டை வாடகைக்கு விடப்போகிறான். தனியாக இருக்கும் யாருக்காவது கொடுங்கள் மாமா, ஒரு இன்டர்காமும் வைத்து, என்றான்.

ஏழு மணிக்குக் கருவியை எடுத்தேன். கீழே பலகையில் என் பல்பு எரிந்திருக்கும்.

"ரிப்போர்ட்டரா?" என்றார் பிரம்மநாயகி.

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், வரவில்லை. கருவியைக் காதில் வைத்தபடி நின்றேன். "ரிப்போர்ட்டர்?" என்றார் இன்னொரு முறை.

மாடிப்படியில் ஆட்கள் ஏறும் சத்தம். முதலில் வந்தவர் முத்துமாலை. கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் ஸ்குரூடிரைவரோடு சேக்.

"என்ன வே, போனை எடுத்துட்டு இப்படி மூச்சு விடாம நின்னா நாங்க என்னன்னு நெனைக்கது?" என்றார் முத்துமாலை.

அவருக்கு மூச்சு இளைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.